எண்ணெய்ச் சட்டி வைக்காத வருடம்

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும் அந்த வீட்டிலிருந்து பலகாரம் சுடும் வாசனை வரக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்கக்காரர்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எத்தனையோ சம்பிரதாயங்கள் காற்றோடு போய்விட்டன. இது மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறது.

ஜீவராணிக்கு இது ஞாபகம் வந்த நேரம்தான் சரியில்லை. பங்குனி மாதம். மாமியார் மீனம்மாவின் உடம்பை இன்னும் எடுத்திருக்கவில்லை. காம்பரா அறையின் நடுவில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்து, லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராணியும் தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்தாள். பொய்யழுகை இல்லை. இருபத்து மூன்று வருடம் ஒரே கூரைக்குள் இருந்த மனுஷி போனால் அழுகை வரத்தான் செய்யும். அந்த அழுகைக்கு நடுவில், யாரும் கூப்பிடாமலே ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. அப்போ இந்த வருசம் தீவாளிக்கு நான் ஒண்ணும் சுட வேண்டியதில்ல.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் முன்னைவிடச் சத்தமாக அழுதாள். மாமியார் மேல் எவ்வளவு பாசம் பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

வெட்கக்கேடான நினைப்புதான். ஆனால் அவளைக் குற்றம் சொல்ல வருகிறவர்கள் ஒரே ஒரு தீபாவளிக்கு அவள் இடத்தில் நின்று பார்த்துவிட்டு வரட்டும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்று, செங்குத்தான மலையில் மழையோடு கொழுந்து பறித்து, சாயந்தரம் தராசில் நிறுத்துவிட்டு வந்து, அதற்குப் பிறகு அரிசி ஊறப் போட வேண்டும். உலர்த்தி, இடித்து, சலித்து, பாகு காய்ச்சி, மாவு கிண்டி, ஒரு இரவாவது வைத்திருந்து சுட வேண்டும். வீட்டுக்கு மட்டுமா? லயத்தில் மற்ற பதினொரு வீட்டுக்கும் தட்டு போக வேண்டும். தேயிலைச் செடியில் வெட்டிய மிலாறுக் குச்சி போட்டு எரிக்கிற அடுப்பு. அதன் புகையிலும் எண்ணெய்ப் புகையிலும் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் மூக்கு, தொண்டை, முடி எல்லாம் அதிரச வாசனைதான். மறுநாள் விடிந்து ஊரே தின்னும்போது அவளுக்குப் பார்த்தாலே குமட்டும். வெறும் பிளேன் டீயைக் குடித்துவிட்டு மதியச் சமையலைப் பார்க்கப் போவாள். இருபத்து மூன்று தீபாவளியில் ஒன்றுக்குக்கூட அவள் பசியோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அதிரசத்துக்குப் பெயர் மட்டும் மீனம்மா அதிரசம். லயத்துச் சின்னவர்களுக்குப் பெரியம்மா அதிரசம். ஜீவராணி உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருடம், மீனம்மா சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து கூழாகப் போனது. அதற்கு முந்தைய வருடங்களிலும் அப்படித்தானாம். கல்யாணம் ஆகி நான்கு மாதமே ஆன பெண், "குடுங்க மாமி, நான் பாக்குறேன்" என்று மிச்ச மாவை வாங்கினாள். அன்றைக்கு வாங்கிய கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. மீனம்மா அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, "தீயக் கொற, தீயக் கூட்டு" என்பாள். சுட்டு முடிந்ததும் முகம் கழுவி, புதுச் சேலை கட்டி, தட்டுகளைத் தன் கையால் வெள்ளைத் துணி போட்டு மூடி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாசலுக்கு வந்து தட்டை நீட்டியவள் மீனம்மா. பெயர் அவளுக்கு. உள்ளே புகையில் கிடந்தவளை யார் பார்த்தார்கள்? ஆரம்பத்தில் ஜீவராணிக்கு உறுத்தியது. போகப் போக உறுத்திக்கொண்டிருக்க நேரம் இல்லாமல் போயிற்று.

ஆகவே பங்குனியிலிருந்து ஏழு மாதம் அவள் ஒரே ஒரு ஆசையை வைத்து நாளை ஓட்டினாள். இந்தத் தீபாவளிக்கு எழுந்ததும் அடுப்புப் பக்கம் போகாமல், பசியோடு உட்கார்ந்து, வேறு யாராவது செய்ததைச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறும்போது மனசுக்குள் தட்டுகளை அடுக்கிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி முறுக்கு நன்றாகச் சுடுவாள். பின்பக்கத்து ஜெயந்தினி, பட்டிப்பொலயிலிருந்து வந்த புதுப்பெண், உளுந்து வடை சுடுவாளாம். எது முதலில் வரும், எதை முதலில் எடுப்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பறிப்பாள். கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகன் பிரதாப் போன் பண்ணி, "நமக்குத்தான் இந்த வருசம் தீவாளி இல்லையேம்மா, நான் கடையிலயே நிக்கிறேன்" என்று சொன்னபோது மனசு வலித்தது. ஆனாலும் அந்த வலிக்கு அடியில், ஒரு வாய் குறைந்தது, இன்னும் கொஞ்சம் ஓய்வு என்று உடம்பு கணக்குப் போட்டதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

தீபாவளி திங்கட்கிழமை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வந்து, மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கால் கழுவிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் நாகலெட்சுமி நிற்கிறாள். கையில் போன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பெரியம்மா அதிரசம் எப்புடி செய்யிறது? நான் செஞ்சா ஒண்ணு கல்லு மாதிரி வரும், இல்லாட்டி எண்ணெயில கரைஞ்சு போவும். இந்த வருசம் நாங்கதானே ஒங்களுக்குக் கொண்டாந்து குடுக்கணும்? பெரியம்மா வீட்டுக்கே கண்டதையும் கொண்டாந்து வச்சா நல்லாவா இருக்கும்? லயத்துல எல்லாரும் பேசிக்கிட்டோம். பதினொரு வீட்டுலயும் இந்த வருசம் அதிரசம்தான்."



"நீ முறுக்கு சுடலையா?"

"முறுக்கு என்னக்கா முறுக்கு! அது கடையில பைக்கெட்டுல விக்கிது. பெரியம்மா நெனப்புக்கு அதிரசந்தான் பொருத்தம். எல்லாரும் காலையிலயே அரிசி ஊறப் போட்டு ஒலத்தியாச்சு. நீங்க சொல்லுங்க, நான் இதுல புடிச்சு எல்லாருக்கும் அனுப்பிடுறேன்."

வேண்டாம், நீ முறுக்கே சுடு, எனக்கு முறுக்குத்தான் ஆசை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் துக்க வீட்டுக்காரி இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்ன முடியுமா? ஊர் சிரிக்கும். நாகலெட்சுமி போனை வாய்க்கு நேரே பிடித்தாள். ஜீவராணி சொல்லத் தொடங்கினாள்.

"மாவுல லேசா ஈரம் இருக்கணும். கையில புடிச்சா புடிபடணும், விட்டா உதிரணும். கித்துள் கருப்பட்டி முக்காப் பங்கு, சீனி காப் பங்கு. ஏலக்கா, சுக்கு, எள்ளு. பாகுதான் கவனம். தண்ணியில விட்டா உருண்டு வர்ற வரைக்கும் அடுப்புல வச்சீங்கன்னா கெட்டுச்சு. இங்க இருக்குற கூதலுக்கு அது எறக்குன பொறகும் எறுகும். அதனால கொஞ்சம் முந்தியே எறக்கி, வாசப்படியில வச்சிடணும். காத்து பட்டு மிச்சப் பதம் தானா வரும். மேல ஆடை மாதிரி கட்டுனதும் உள்ள கொண்டாந்து மாவக் கொட்டிக் கிண்டணும்."

"பெரியம்மா அப்புடித்தான் செய்வாங்களாக்கா?"

"ம். மாமி அப்புடித்தான் செய்வாங்க."

பாகை வாசற்படியில் வைக்கும் வேலை அவளே கண்டுபிடித்தது. மூன்றாவது வருடமோ என்னவோ, பிரதாப் கைக்குழந்தை, அடுப்பில் புகை தாங்காமல் அழுதான் என்று பாகுச் சட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அவனைத் தூக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் பதம் அப்படியே வந்திருந்தது. மீனம்மாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் வாயிலிருந்து வந்தது "மாமி" தான். நாகலெட்சுமி போனபிறகு ஜீவராணி தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஆனால் படுத்து ஒரு தூக்கம் போட நேரம் கிடைத்ததே என்று அந்த எரிச்சலையும் மடித்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

தூக்கம் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. ஜெயந்தினி ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு, கண்ணில் தண்ணீர்.

"அக்கா, களி மாதிரி இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே வாசல்ல வச்சேன். எவ்வளவு நேரம் வச்சும் ஆடையே கட்டல. எங்க வீட்டுக்காரரு தங்கச்சி பொறுக்க மாட்டாம மாவக் கொட்டிட்டா. மெதுவா பேசுங்க, எங்க மாமி காதுல விழுந்தா போச்சு."

ஜீவராணி எழுந்து அவளோடு பின்பக்கம் போனாள். போனதும் விஷயம் விளங்கியது. லயம் இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய பன்னிரண்டு வீடு. முன்பக்கத்து ஆறு வீடும் பள்ளத்தைப் பார்த்தவை. பள்ளத்திலிருந்து ஏறுகிற காற்று நேரே வாசலில் வந்து அடிக்கும். பின்பக்கத்து ஆறு வீட்டின் வாசலுக்கு எதிரே, நாலு முழத் தூரத்தில், மலையை வெட்டி விட்ட மண்சுவர். அங்கே காற்றுக்கு வழியே இல்லை. ஆறு வாசலிலும் ஆறு பாகுச் சட்டி ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருத்தி, எப்போது ஆடை கட்டும் என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி. ஒருத்தி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடம் தன் கைப்பக்குவம் என்று மனசுக்குள் ரகசியமாக வைத்திருந்ததில் பாதி தன் வாசற்படியுடையது என்று ஜீவராணிக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

"நான் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வரக் கூடாதே புள்ள" என்று ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தாள். அதற்குள் முன்பக்கத்திலிருந்து நாகலெட்சுமியும் வந்து சேர்ந்துவிட்டாள். நியாயம் சொல்ல அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஒங்க வீட்டுல ஒங்க சட்டி வச்சாத்தானேக்கா குத்தம். இது எங்க வீட்டுச் சட்டி. நீங்க சும்மா பக்கத்துல நின்னு சொல்லுங்க."

ஆமாம் ஆமாம், அதுதானே, என்றார்கள் எல்லோரும். சும்மா நின்று சொல்கிறவளுக்கு ஐந்தே நிமிடத்தில் கையில் துடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு பாகையும் திரும்ப அடுப்பேற்றி, இந்தப் பக்கத்து வீடுகளுக்கு எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்று புதிதாகக் கண்டுபிடித்து, இறக்கி, கிண்டினாள். ஜெயந்தினி வீட்டுக் களிக்கு இன்னும் இரண்டு படி அரிசி மாவு இடித்துப் போட வேண்டியிருந்தது. ஆறாவது வீட்டை முடித்து வெளியே வரும்போது வலது தோள் கழன்று விழுவதுபோல் இருந்தது. பரவாயில்லை, கிண்டுவதோடு சரி, சுடுவது அவர்கள் பாடு, நாளைக்கு நாள் பூராவும் படுத்துக்கிடக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, "மொத ஈடு மட்டும் போட்டுக் காட்டுங்கக்கா" என்று ஜெயந்தினி வந்தாள். புதுப்பெண், மாமியாருக்குப் பயந்தவள், இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு முதல் ஈட்டைப் போட்டுக் காட்டி, இரண்டாவது ஈட்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த வீட்டுக்காரி வாசலில் காத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் ஓரவஞ்சனையா? அதற்கு அடுத்த வீடு. பிறகு முன்பக்கம். முன்பக்கத்தில் பாகு நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் பின்பக்கத்துக்காரிகளுக்கு வந்து சுட்டுக் கொடுத்தவள் முன்பக்கத்துக்கு வரமாட்டாளா என்று அங்கே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. எல்லோரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். பலகை போட்டு உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள், கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு ஒட்டடை அடிக்கவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் போய்விட்டார்கள். இருட்டுவதற்குள் ஜீவராணி பதினொரு வீட்டு எண்ணெய்ச் சட்டி முன்னாலும் உட்கார்ந்து எழுந்திருந்தாள். தன் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்த வருடங்களில்கூட அவள் இவ்வளவு சுட்டதில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. வெடிச் சத்தம் மலைக்கு மலை கேட்டது. வீட்டில் எண்ணெய்க் குளியல் இல்லை, புதுத்துணி இல்லை, அவசரம் இல்லை. அந்த அவசரமில்லாத காலையை அனுபவிக்கத்தான் ஏழு மாதம் காத்திருந்தாள். ஆனால் கண்ணைத் திறந்ததும் முதலில் வந்தது தன் தலைமுடியிலிருந்தே அதிரச வாசனை.

எட்டு மணிக்கு நாகலெட்சுமி புதுச் சேலையில் வந்தாள். தட்டை நீட்டினாள். மேலே வெள்ளைத் துணி.

"சாப்புட்டுப் பாத்துச் சொல்லுங்கக்கா, எப்புடி வந்திருக்குன்னு."

ஜீவராணி அவள் முகத்தையே பார்த்தாள். கேலி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. நிஜமாகவே கேட்கிறாள்.

"நல்லா வந்திருக்கும்" என்றாள் ஜீவராணி.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொரு தட்டு வரும்போதும், இதிலாவது இரண்டு முறுக்கு, ஒரு வடை, கடையில் வாங்கிய லட்டாவது ஓரத்தில் இருக்காதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை. மீனம்மாவின் நினைவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று லயமே ஒன்று சேர்ந்து முடிவெடுத்தால் அதில் ஒரு முறுக்குக்குக்கூட இடமிருக்காது. மேசை நிறைந்து, உட்காரும் வாங்கு நிறைந்து, கடைசி மூன்று தட்டும் கட்டில்மேல் உட்கார்ந்தன. பதினொரு தட்டு. எல்லாம் அவள் கை.

கணவன் கந்தப்பன் ஒரு தட்டைக் கொண்டுபோய் மீனம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். பாவம், அம்மா பிள்ளை. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை, அதிகம் பேசாதவன், குடித்தாலும் சண்டைக்கு வராதவன். ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டான். கண் கலங்கிவிட்டது.

"அம்மா கை அப்புடியே இருக்குல்ல?"

ஜீவராணி அன்றைக்குச் சண்டை போடுவதற்காக எழுந்தவள் இல்லை. ஆனால் உடம்பில் களைப்பு மிஞ்சிப் போனால் வாய்க்குக் காவல் இருக்காது.

"அது ஒங்கம்மா கை இல்ல. நான் செஞ்சது. இன்னைக்கு மட்டுமில்ல. நான் இந்த வீட்டுக்கு வந்த வருசத்துலேருந்து நான் செஞ்சதுதான்."

சொல்லிவிட்டு, அவன் என்ன சொல்லப்போகிறானோ என்று காத்திருந்தாள். கோபப்படுவான், செத்தவளைப் பற்றிப் பேசுகிறாயே என்பான் என்று நினைத்தாள். அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"தெரியுமே" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீதான் செய்வேன்னு. லயத்துக்கே தெரியும். இல்லாட்டி எல்லாரும் எதுக்கு ஒன்னத் தேடி வரப் போறாங்க?"

"அப்புறம் ஏன் அம்மா கை, பெரியம்மா அதிரசம்னு சொல்றீங்க எல்லாரும்?"

கந்தப்பன் உண்மையாகவே யோசித்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"சொல்லிப் பழகிப் போச்சு" என்றான்.

தெரியாமல் சொன்னார்கள் என்றால் ஒருநாள் தெரியவைக்கலாம். தெரியும் என்ற பிறகு தெரியவைக்க என்ன இருக்கிறது? மீனம்மா மேல்கூட ஜீவராணிக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள் செய்தார்கள். நேற்றும் முந்தாநாளும் தன்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனவர்கள், அது யார் கை என்று தெரிந்தேதான் இழுத்துப் போயிருக்கிறார்கள். அவள் மனசு அப்படியே வெறிச்சோடிப் போனது.

அவள் முகம் வாடியதைக் கந்தப்பன் கவனித்துவிட்டான். அவளைக் குளிர்விக்க நினைத்து, தன்னால் முடிந்த நல்ல வார்த்தையைச் சொன்னான்.

"மத்தியானத்துக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாத. ஒரு சோறும் பருப்பும் வச்சாப் போதும்."

ஜீவராணி ஆணியில் தொங்கிய சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குடையை எடுத்தாள்.

"எங்க போற?"

"பசிக்குது."

"பசிக்குதா? வீடு நெறையப் பலகாரத்த வச்சுக்கிட்டு…"

அவள் படியிறங்கிவிட்டாள்.

தேயிலைக்கு நடுவே இறங்குகிற குறுக்குப் பாதையில் மூட்டம் கிடந்தது. புதுத்துணி போட்ட பிள்ளைகள் எதிரே வந்தார்கள். தீபாவளி வாழ்த்து சொல்ல வாயெடுத்த ஒன்றிரண்டு பேர், துக்கக்காரி என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களுக்கு "கடைக்கு" என்றாள். நடக்க நடக்க, எண்ணெய் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிஜமாகவே பசிக்கத் தொடங்கியது. இரண்டு நாளாக டீயைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கீழே கடைவீதியில் பலசரக்குக் கடை, நகைக்கடை, சலூன் எல்லாம் பூட்டு. மஃறூப் நானாவின் சாப்பாட்டுக் கடை மட்டும் திறந்திருந்தது. அந்தக் கடையில் ஜீவராணி எத்தனையோ தடவை பரோட்டா பார்சல் வாங்கியிருக்கிறாள், கந்தப்பனுக்கும் பிரதாப்புக்கும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. லயத்துப் பெண்கள் தனியாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமில்லை. வாசலில் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு, பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளே போய் ஓரத்து வாங்கில் உட்கார்ந்தாள். பண்டிகை நாள், வேறு ஆட்கள் இல்லை. மஃறூப் நானாவையும் காணவில்லை. பின்னால் சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி ஸாலிஹா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்தக் கடையின் சமையல் எல்லாம் அவள்தான்.

"வாங்க. இன்டைக்கு ஒங்கட பெருநாள்தானே? வீட்டுல சாப்பாடு இல்லையா?"

"நெறைய இருக்கு. எல்லாம் நான் சுட்டது."

ஸாலிஹா அவளை ஒரு கணம் பார்த்தாள்.

"என்னா தர?"

"நீங்க என்ன சாப்பிடப் போறீங்களோ அது."

"சோறும் பருப்பும் தேங்காப்பால் விட்ட கத்தரிக்காய்ப் பாலாணமும் ஈக்கிது. இப்பதான் எறக்கின."

"குடுங்க."

ஸாலிஹா உள்ளே போனாள். தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் ஜீவராணியின் கால்கள் தாமாக எழுந்தன. சமையற்கட்டு வாசல் வரை போய், தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டியபிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது.

"எங்க வாறீங்க?" என்றாள் ஸாலிஹா.

"தண்ணி எடுக்க…"

"நான் கொண்டாறேன். போய் இரிங்க."

ஜீவராணி திரும்பிப் போய் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். ஸாலிஹா தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். தண்ணீர் வைத்தாள். சோற்றுக்கு நடுவில் பருப்பை ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. ஜீவராணி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு ஒரு கல் கூடுதல். வேறு யாரோ போட்ட உப்பு. பிறகு சாப்பிடத் தொடங்கினாள், நிறுத்தாமல், பேசாமல், பசித்தவர்கள் சாப்பிடுகிற மாதிரி.

ஸாலிஹா எதிர் வாங்கில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அன்றைக்கு அதுதான் முதல் உட்காரல் போலிருந்தது.

"பருப்பு எப்படி?"

"இது மாதிரி சாப்புட்டதில்ல."

ஸாலிஹாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது ஒண்டுமில்ல, லேசு. பருப்பு அவியக்குள்ளயே கொஞ்சம்…"

"சொல்லாதீங்க" என்றாள் ஜீவராணி.

ஸாலிஹா திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு அது தெரிய வேணாம்." தட்டை இரண்டு கையாலும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "இன்னொரு கரண்டி மட்டும் ஊத்துங்க."

ஸாலிஹா எழுந்து போய்ச் சட்டியைக் கொண்டுவந்தாள்.